மார்செல் டசால்ட்: வதை முகாமில் இருந்து மீண்டவரை நிமிர்த்திய 10 சீட் விமானம்

ரஃபேல் போர் விமானம் பற்றிப் பேசாத செய்தி சேனல் இல்லை. அதைத் தயாரிக்கும் டசால்ட் நிறுவனத்தின் பெயரும் நமக்குப் பழகிப்போனதுதான். ஆனால், டசால்ட் என்பது ஒரு மனிதரின் பெயர் என்பதும், அது அவருக்குப் பிறந்தபோது வைத்த பெயர் கிடையாது என்பதும் பலருக்குத் தெரியாது. 54 வயதில், வதை முகாமில் இருந்து உயிரோடு திரும்பிய பிறகு அவரே தேர்ந்தெடுத்துக்கொண்ட பெயர் அது.

இன்னொரு விஷயமும் அதிகம் பேசப்படுவதில்லை. போருக்குப் பிறகு அவரை மறுபடி எழுந்து நிற்க வைத்தது போர் விமானம் இல்லை. இரண்டு இன்ஜின், பத்து இருக்கை கொண்ட ஒரு சின்னப் போக்குவரத்து விமானம்!

இந்தக் கதையில் டெல்லிக்கு ஒரு இடம் இருக்கு. புதுச்சேரிக்கும் அதன் எல்லையில் இருக்கும் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக்கும்கூட இடம் இருக்கு. எப்படி? விரிவாகப் பார்ப்போம்.

சுருக்கமாக: யார் இவர்?

- பிறப்பு: 1892 ஜனவரி 22, பாரிஸ். இயற்பெயர் மார்செல் பிளாக்
- படிப்பு: விமானப் பொறியியல், 1913
- 1944–45: புகன்வால்ட் நாஜி வதை முகாம் கைதி
- 1947: ஃப்ளமான் சிறு போக்குவரத்து விமானத்தின் முன்மாதிரி பறந்தது
- 1953: இந்தியாவுக்கு ஊரகான் ஜெட் போர் விமானங்கள் விற்பனை
- மறைவு: 1986 ஏப்ரல் 17, வயது 94

பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பெயரைத் தசோ என்றுதான் உச்சரிப்பார்கள். நமக்குப் பழகிய டசால்ட் என்பதையே இங்கே பயன்படுத்துவோம்.

டாக்டர் வீட்டுக் கடைக்குட்டி

மார்செலின் அப்பா டாக்டர். யூதக் குடும்பம். நான்கு மகன்களில் இவர்தான் கடைசி. 1909 அக்டோபரில் பாரிஸ் நகர வானத்தில் ஓர் அதிசயம் நடந்தது. கோம்த் த லாம்பேர் என்பவர் ரைட் சகோதரர்கள் வடிவமைத்த விமானத்தை ஓட்டிவந்து ஈஃபிள் கோபுரத்தைச் சுற்றினார். 17 வயது மார்செல் அன்றே முடிவு செய்துவிட்டார், இனி வாழ்க்கை விமானத்தோடுதான் என்று.

எலெக்ட்ரிக்கல் படித்தார். பிறகு பாரிஸில் அப்போதுதான் தொடங்கியிருந்த விமானப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்து 1913-ல் பட்டம் வாங்கினார். உலகத்திலேயே விமானத்துக்கு என்று தனியாகப் படித்தவர்கள் கைவிட்டு எண்ணக்கூடிய காலம் அது.

அடுத்த வருடமே முதல் உலகப் போர். ராணுவ விமான ஆய்வுக்கூடத்தில் அவருக்கு வேலை. காட்ரான் ஜி-3 என்ற விமானத்தை நான்கு வெவ்வேறு கம்பெனிகள் தயாரித்துக்கொண்டிருந்தன. வரைபடங்களை ஒழுங்குபடுத்தி, எல்லா கம்பெனியும் ஒரே மாதிரி தயாரிப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிய பொறுப்பாகத் தெரியாது. ஆனால், ஒரு விமானத்தை வரைவது வேறு, அதை நூற்றுக்கணக்கில் செய்வது வேறு என்ற பாடத்தை அவர் அங்கேதான் கற்றார்.

மரக்கடையில் பிறந்த ப்ரொப்பல்லர்

அன்றைய விமானங்களின் ப்ரொப்பல்லர் மரத்தால் ஆனது. அது சரியில்லை, இதைவிட நன்றாகச் செய்யலாம் என்று மார்செலுக்குத் தோன்றியது. சொந்தமாக ஒன்றை வடிவமைத்தார். செய்து கொடுக்க ஆள்? மேசை, நாற்காலி, கட்டில் செய்யும் மரவேலைப் பட்டறைக்காரர் ஒருவரைப் பிடித்தார். அவர் பெயர் ஹிர்ஷ் மிங்கெஸ்.

1916-ல் வந்த அந்த ப்ரொப்பல்லருக்கு எக்லேர், அதாவது மின்னல் என்று பெயர். பிரான்ஸ் நாடே கொண்டாடிய போர் விமானி ஜார்ஜ் கினெமேர் ஓட்டிய ஸ்பாட் விமானத்திலும் அது சுழன்றது. பட்டறைக்காரரின் மகள் மதலேனை 1919-ல் மார்செல் திருமணம் செய்துகொண்டார். பிசினஸ் பார்ட்னரே மாமனார் ஆனார்!

ப்ரொப்பல்லர் தந்த தைரியத்தில் ஹென்றி போத்தே என்ற நண்பரோடு சேர்ந்து முழு விமானத்தையே வடிவமைத்தார். எஸ்இஏ-4 என்ற இரண்டு இருக்கை விமானம். அரசு 1,000 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. 26 வயதுக்காரருக்கு இது ஜாக்பாட்.

ஆனால், 1918 நவம்பரில் போர் முடிந்தது. போர் முடிந்தால் போர் விமானம் யாருக்கு வேண்டும்? ஆர்டர் கிட்டத்தட்ட முழுவதும் ரத்தானது. சுமார் 100 விமானங்களோடு தயாரிப்பு நின்றது.

அவருடைய வாழ்க்கை முழுவதும் திரும்பத் திரும்ப வரப்போகும் விஷயம் இது. விமானம் நல்ல விமானமாக இருந்தால் மட்டும் போதாது. அதை வாங்க ஓர் ஆள் வேண்டும்.

பத்து வருட பிரேக்

1920-களில் மார்செல் விமானத் துறையிலேயே இல்லை. மரச்சாமான் வியாபாரம், வீடு கட்டி விற்பது என்று போனார். 1928-ல் பிரெஞ்சு அரசு விமானத் துறைக்கென்று தனி அமைச்சகம் தொடங்கியதும் மறுபடி உள்ளே வந்தார்.

இந்த முறை சின்னதாகத் தொடங்கினார். எம்பி-80 என்பது ஒரு நோயாளியைப் படுக்க வைத்துத் தூக்கிச் செல்லும் ஆம்புலன்ஸ் விமானம். சரியான ஓடுதளம் இல்லாத இடத்திலும் இறங்கும். அடுத்து எம்பி-120, பிரான்ஸின் ஆப்பிரிக்கக் காலனிகளில் ஆட்களையும் தபாலையும் கொண்டு போக மூன்று இன்ஜின் கொண்ட விமானம். அப்புறம்தான் குண்டுவீச்சு விமானங்களும், பயணிகள் விமானமும், சண்டை விமானமும் வந்தன.

1936-ல் பிரான்ஸில் இடதுசாரிக் கூட்டணி ஆட்சிக்கு வந்து, ஆயுதத் தொழிற்சாலைகளை நாட்டுடைமை ஆக்கியது. மார்செலின் தொழிற்சாலைகளும் அரசு கைக்குப் போயின. இழப்பீடு கிடைத்தது. அரசு நிறுவனத்திலேயே நிர்வாகப் பொறுப்பும் கிடைத்தது. ஆனால், பெயர்ப் பலகையில் இருந்து அவர் பெயர் போய்விட்டது.

புகன்வால்ட்

1940-ல் ஜெர்மனியிடம் பிரான்ஸ் வீழ்ந்தது. மார்செலுக்கு இரண்டு ஆபத்து. ஒன்று, அவர் யூதர். இரண்டு, ஜெர்மானியர்களுக்குத் தேவையான திறமை அவரிடம் இருந்தது. நாஜிகளோடு கைகோத்த விஷி அரசு முதலில் அவரைப் பிடித்து அடைத்து வைத்தது. ஜெர்மனிக்காக வேலை பார்க்க அவர் மறுத்தார்.

1944 மார்ச்சில் கெஸ்டபோ அவரைக் கைது செய்தது. மனைவியும் மகன்களும்கூடத் தப்பவில்லை. லியோன் நகரச் சிறை, பாரிஸ் அருகே திரான்சி முகாம் என்று மாற்றி மாற்றி வைத்தார்கள். நேச நாட்டுப் படைகள் பாரிஸை நெருங்கிக்கொண்டிருந்த ஆகஸ்ட் மாதத்தில் அவரை ஜெர்மனியின் புகன்வால்ட் வதை முகாமுக்கு ரயிலேற்றினார்கள். பாரிஸ் விடுதலையானது ஆகஸ்ட் 25 அன்று. சில நாள் தாமதித்திருந்தால் அவர் தப்பியிருப்பார்.

52 வயதுக் கைதி ஒருவர் அங்கே பிழைப்பது கஷ்டம். முகாமுக்குள் ரகசியமாக இயங்கிய கம்யூனிஸ்ட் கைதிகளின் குழு அவரைக் காப்பாற்றியது. அதில் முக்கியமானவர் மார்செல் போல் என்ற தொழிற்சங்கத் தலைவர். பெரும் முதலாளி ஒருவரைத் தொழிலாளர் தலைவர் காப்பாற்றினார். டசால்ட் கடைசிவரை அந்த நன்றியை மறக்கவில்லை. அரசியலில் எதிர்முகாமில் இருந்தபோதும்.

1945 ஏப்ரல் 11 அன்று அமெரிக்கப் படை முகாமை விடுவித்தது. வெளியே வந்தபோது அவர் உடல் எலும்பும் தோலுமாக இருந்தது. முகாமில் வந்த டிஃப்தீரியா நோயின் பாதிப்பால் ஒழுங்காக நடக்கக்கூட முடியவில்லை.

பெயர் எங்கிருந்து வந்தது?

அவருடைய அண்ணன் போல் பிளாக் ராணுவத் தளபதி. நாஜிகளுக்கு எதிரான ரகசியப் போராட்டத்தில் அவர் வைத்துக்கொண்ட புனைபெயர், பீரங்கி வண்டிக்கான பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்தது. அந்தச் சொல்லின் பின்பாதிதான் தசோ. போர் முடிந்ததும் தம்பியும் அதையே எடுத்துக்கொண்டார். முதலில் பிளாக்-தசோ, 1949-ல் இருந்து வெறும் தசோ. 1950-ல் அவர் கத்தோலிக்க மதத்துக்கும் மாறினார்.

ஃப்ளமான்: ஒரு பூநாரை காப்பாற்றிய கம்பெனி

கதை இங்கேதான் சூடு பிடிக்குது. 1945-ல் அவர் கையில் என்ன இருந்தது? பழைய தொழிற்சாலைகள் அரசிடம். உடல்நிலை மோசம். ஐந்து வருடம் ஆக்கிரமிப்பில் கிடந்ததால் பிரெஞ்சு விமானத் தொழில் உலகத்தைவிடப் பின்தங்கிக் கிடந்தது. பிரிட்டனும் அமெரிக்காவும் ஜெட்டுக்குப் போய்விட்டன.

உடனே ஜெட் செய்கிறேன் என்று அவர் குதிக்கவில்லை. பிரெஞ்சு விமானப்படைக்கு அப்போது உடனடியாகத் தேவைப்பட்டது வேறு ஒன்று. காலனி நாடுகளில் அதிகாரிகளை ஏற்றிச் செல்ல, நோயாளிகளைத் தூக்கிவர, தபால் கொண்டு போக, பைலட்டுகளுக்குப் பயிற்சி கொடுக்க என எல்லா வேலைக்கும் ஆகிற ஒரு சின்ன விமானம்.

எம்டி-303 என்ற முன்மாதிரி 1947 பிப்ரவரியில் பறந்தது. இன்ஜினை மாற்றி, சக்தியைக் கூட்டிய எம்டி-315 அதே வருடம் ஜூலையில் பறந்தது. முழுக்க உலோகத்தால் ஆன உடல், இரட்டை வால், உள்ளே மடங்கும் சக்கரங்கள், பத்துப் பயணிகளுக்கு இடம். பெயர் ஃப்ளமான். நம்ம ஊரில் பழவேற்காட்டுக்கும் கோடியக்கரைக்கும் வருகிற பூநாரைதான் அது.

இதில் ஒரு முரண் இருக்கு. ஃப்ளமானில் இருந்த ரெனோ இன்ஜினின் மூலம் ஜெர்மனியின் ஆர்கஸ் இன்ஜின். ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜெர்மன் விமானப்படைக்காக பிரெஞ்சு மண்ணில் அந்த இன்ஜின் தயாரானது. போர் முடிந்ததும் தயாரிப்பு வசதி அப்படியே இருந்தது. அதையே பயன்படுத்திக்கொண்டார்கள். புகன்வால்டில் இருந்து மீண்டவரின் முதல் விமானம் ஜெர்மன் வடிவ இன்ஜினோடுதான் பறந்தது. வேறு இன்ஜினுக்குக் காத்திருக்க நேரமும் இல்லை, காசும் இல்லை.

அரசு ஆர்டர் கொடுத்தது. மொத்தம் 325 ஃப்ளமான்கள் தயாராயின. 1981 வரை பிரெஞ்சு விமானப்படையில் இருந்தன. ஒரு தலைமுறை பைலட்டுகளே இதில்தான் பழகினார்கள்.

அந்த ஆர்டர்தான் கம்பெனிக்கு மூச்சு. தொழிலாளர்களுக்குச் சம்பளம் போட முடிந்தது. டிசைன் டீம் கலையாமல் இருந்தது. தொடர் உற்பத்திக்கான கருவிகள் வந்தன. 1947-லேயே தன் சொந்த முயற்சியில் ஒரு ஜெட் விமானத்தை அவர் வரையத் தொடங்கினார். 1948 ஜூனில் மூன்று முன்மாதிரிகளுக்கு அரசு ஒப்பந்தம் கொடுத்தது. அடுத்த எட்டே மாதத்தில், 1949 பிப்ரவரி 28 அன்று, ஊரகான் பறந்துவிட்டது. தொடர் உற்பத்திக்குப் போன முதல் பிரெஞ்சு ஜெட் போர் விமானம் அது.

பூநாரை சாதுப் பறவைதான். ஆனால், அல்ஜீரிய விடுதலைப் போராட்டத்தை நசுக்க பிரான்ஸ் நடத்திய போரில் ஃப்ளமானில் ஏவுகணை பொருத்தி அனுப்பினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். காலனிகளுக்காகப் பிறந்த விமானம், காலனியைத் தக்கவைக்கவும் பயன்பட்டது.

1953: டெல்லியில் டூஃபானி, விழுப்புரம் பக்கத்தில் பிரெஞ்சுக் கொடி

1953 ஜூனில் இந்தியா 71 ஊரகான் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. டசால்ட்டின் ஜெட் விமானத்துக்குக் கிடைத்த முதல் வெளிநாட்டு ஆர்டர் இதுதான். அக்டோபர் 24 அன்று முதல் நான்கு விமானங்கள் பிரான்ஸில் இருந்து பறந்துவந்து டெல்லி பாலம் தளத்தில் இறங்கின. ஊரகான் என்றால் சூறாவளி. இந்திய விமானப்படை அதற்கு டூஃபானி என்று பெயர் வைத்தது. பிறகு இன்னும் 33 வாங்கியது.

அந்த அக்டோபரில் நம் பக்கம் நிலைமை என்ன தெரியுமா? விழுப்புரமும் திண்டிவனமும் அப்போது சென்னை மாநிலத்தின் தென்னார்க்காடு மாவட்டம். இரண்டு ஊரில் எதிலிருந்து கிளம்பினாலும் சுமார் 40 கிலோமீட்டரில் புதுச்சேரி. 1879-ல் போட்ட விழுப்புரம்–புதுச்சேரி ரயில் பாதை உண்டு. ஆனால், போகிற வழியில் நாடு மாறிவிடும். சுங்கச் சோதனை இருக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது.

பிரான்ஸே வெளியேறு என்று இந்தியா அழுத்தம் கொடுத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில்தான், அதே பிரான்ஸிடம் போர் விமானமும் வாங்கிக்கொண்டிருந்தது! விநோதமாகத் தெரியலாம். ஆனால், இரண்டு பக்கமும் கணக்கு இருந்தது. ஆயுதத்துக்கு பிரிட்டனை மட்டுமே நம்பியிருக்க இந்தியா விரும்பவில்லை. பிரான்ஸுக்கோ வெளிநாட்டு வாடிக்கையாளர் தேவைப்பட்டார்.

அடுத்த வருடமே எல்லாம் மாறியது. 1954 அக்டோபர் 18 அன்று, விழுப்புரம் பக்கம் இருக்கும் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர ஆதரவு. நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல் முடிந்தது. கோவாவில் போர்ச்சுகல் செய்தது போல பிரான்ஸ் பிடிவாதம் பிடிக்கவில்லை. 1961 டிசம்பரில் கோவா, டையூ விடுவிப்பு நடவடிக்கையில் பறந்த விமானங்களில் டூஃபானியும் ஒன்று.

ஒன்றோடு நின்றுபோன முன்மாதிரிகள்

ஊரகானுக்குப் பிறகு மிஸ்தேர், மிராஜ் என்று டசால்ட்டின் போர் விமானங்கள் உலகம் முழுக்க விற்றன. மிஸ்தேரையும் இந்தியா வாங்கியது. ஆனால், சின்னப் போக்குவரத்து விமானத்தின் மீதான ஆசை அவரை விடவில்லை. மறுபடி ஒரு ஃப்ளமான் செய்யப் பார்த்தார்.

1959 மே மாதம் எம்டி-415 பறந்தது. இரட்டை டர்போபிராப் இன்ஜின். பெயர் கொம்யூனோத்தே. 1958-ல் பிரான்ஸும் அதன் ஆப்பிரிக்கக் காலனிகளும் சேர்ந்து அமைத்த சமூகம் என்ற கூட்டமைப்பின் பெயர் அது. அந்த நாடுகளுக்கு விற்பதுதான் கணக்கு. ஆனால், 1960-ல் அவற்றில் பெரும்பாலானவை சுதந்திரம் அடைந்தன. கூட்டமைப்பு வெறும் பெயரளவில் ஆனது. விமானத்துக்கும் ஆர்டர் வரவில்லை. ஒரு முன்மாதிரியோடு கதை முடிந்தது. அதையொட்டி ராணுவத்துக்காகச் செய்த ஸ்பிரால் விமானத்துக்கும் அதே முடிவுதான்.

1968 செப்டம்பரில் இன்னொரு முயற்சி: எம்டி-320 இரோந்தெல். தகைவிலான் குருவி என்று அர்த்தம். இதுவும் இரட்டை டர்போபிராப். இதுவும் ஒன்றோடு நின்றது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அடுத்த மாதமே, 1968 அக்டோபரில், பிரேசிலில் இதே போன்ற இரட்டை டர்போபிராப் விமானம் ஒன்று பறந்தது. பண்டெய்ராந்தே என்று பெயர். அதை உருவாக்கிய குழுவை வழிநடத்தியவர் மாக்ஸ் ஓல்ஸ்த் என்ற பிரெஞ்சுக்காரர்! அது சுமார் 500 விற்றது. அந்த விமானத்தைத் தயாரிக்கவே பிரேசில் அரசு தொடங்கிய நிறுவனம்தான் இன்று உலகப் புகழ்பெற்ற எம்ப்ரேயர்.

என்ன வித்தியாசம்? பிரேசிலில் ரோடே போகாத ஊர்கள் ஆயிரம் இருந்தன. அரசே முதல் வாடிக்கையாளராக வந்து நின்றது. பிரான்ஸில் அப்படி யாரும் வரவில்லை.

குட்டி விமானத்தில் அப்படி என்ன கஷ்டம்?

பத்து முதல் இருபது பேர் போகிற விமானத்தைத்தான் லேசான போக்குவரத்து விமானம் என்கிறார்கள். சின்ன ரன்வே போதும். சில வகைகள் புல்தரையிலும் இறங்கும்.

சிக்கல் கணக்கில் இருக்கு. 180 பேர் போகும் விமானத்துக்கும் இரண்டு பைலட், 19 பேர் போகும் விமானத்துக்கும் இரண்டு பைலட். பராமரிப்பு, இன்சூரன்ஸ், தரையிறங்கும் கட்டணம் எல்லாவற்றையும் அந்த 19 டிக்கெட்டில் எடுக்க வேண்டும். டிக்கெட் விலை ஏறும். ஏறினால் ஆள் பஸ்ஸுக்கோ ரயிலுக்கோ போய்விடுவார். அதனால், ராணுவமோ அரசோ கைகொடுக்காமல் இந்த ரக விமானம் பிழைப்பது அபூர்வம். ஃப்ளமான் ஜெயித்ததும் இரோந்தெல் தோற்றதும் இந்த ஒரு காரணத்தால்தான் புரியும்.

தோல்வியில் இருந்து ஃபால்கன்

டர்போபிராப் விற்கவில்லையா? சரி, ஜெட்டாகவே செய்வோம் என்று முடிவெடுத்தார். 1963 மே 4 அன்று மிஸ்தேர்-20 பறந்தது. எட்டுப் பத்துப் பேர் போகிற பிசினஸ் ஜெட். அதைப் பார்க்க அமெரிக்காவின் பான் ஆம் நிறுவனம் அனுப்பிய குழுவில் சார்லஸ் லிண்ட்பெர்க் இருந்தார். ஆம், தனியாக அட்லாண்டிக்கைக் கடந்த அதே லிண்ட்பெர்க். அவருக்குப் பிடித்துவிட்டது. இன்ஜினை மாற்றச் சொல்லி, 40 விமானங்களுக்கு பான் ஆம் ஆர்டர் கொடுத்தது. ஃபால்கன் என்ற பெயரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது.

1973-ல் ஃபெடரல் எக்ஸ்பிரஸ் என்ற ஸ்டார்ட்-அப் 14 ஃபால்கன் விமானங்களோடு பார்சல் சேவை தொடங்கியது. இன்றைய ஃபெடெக்ஸ் அதுதான். இன்றுவரை டசால்ட் நிறுவனத்தின் இரண்டு கால்களில் ஒன்று ஃபால்கன்.

பெரிய விமானத்திலும் அவர் கைவைத்துப் பார்த்தார். 1971-ல் பறந்த மெர்க்யூர், 150 பேர் போகும் ஜெட். போயிங் 737-க்குப் போட்டி. குறைந்த தூரத்துக்கு மட்டுமே ஏற்றது என்பதால் வாங்க ஆளில்லை. ஏர் இன்டர் என்ற ஒரே நிறுவனம், பத்தே விமானங்களுக்குத்தான் ஆர்டர் கொடுத்தது. அவை 1995 வரை நன்றாகவே ஓடின. தொழில்நுட்பத்தில் குறை இல்லை. கம்பெனிக்குத்தான் பெரிய நஷ்டம்.

காசு, அரசியல், கேள்விகள்

டசால்ட்டை வெறும் நாயகனாக மட்டும் பார்க்க முடியாது. அவர் பிரான்ஸின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். 1951 முதல் நாடாளுமன்ற உறுப்பினர். நடுவில் சில காலம் தவிர, சாகும்வரை பதவியில் இருந்தார். அரசிடம் விமானம் விற்கிற முதலாளியே அந்த அரசின் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தார். சொந்தமாகப் பத்திரிகை நடத்தினார். லா பூம் உள்ளிட்ட சினிமாப் படங்களும் தயாரித்தார். அரசுப் பணம் தனியார் விமானக் கம்பெனிகளுக்கு எப்படிப் போகிறது என்று 1970-களில் நாடாளுமன்றத்திலேயே விசாரணை நடந்தது.

யாருக்கு விற்றார் என்ற கேள்வியும் இருக்கு. 1967 போரில் இஸ்ரேல் பயன்படுத்தியது மிராஜ் விமானங்களை. நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவும் மிராஜ் வைத்திருந்தது. இந்தியாவுக்கு விற்ற அதே கம்பெனி பாகிஸ்தானுக்கும் மிராஜ் விற்றது. வதை முகாமின் கொடுமையை உடம்பில் அனுபவித்தவர் ஆயுத வியாபாரத்தில் பெரும் செல்வம் சேர்த்தார் என்ற முரணை அவர் வாழ்க்கையில் இருந்து பிரிக்க முடியாது.

செல்வத்துக்கும் விலை இருந்தது. 1964-ல் அவர் மனைவி மதலேன் கடத்தப்பட்டார். ஓரிரு நாளில் பத்திரமாக மீட்கப்பட்டார்.

1936-ல் நடந்தது போலவே 1981-ல் சோஷலிஸ்டுகள் ஆட்சிக்கு வந்ததும் நிறுவனத்தில் அரசின் பிடி இறுகியது. இந்த முறை அவருக்கு 89 வயது. பெயர்ப் பலகை மட்டும் மாறவில்லை.

கடைசி நாட்கள்

1982-ல் இந்தியா மிராஜ்-2000 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. 1985-ல் அவை வந்து சேர்ந்தன. வஜ்ரா என்று பெயர் வைத்தோம். 1999 கார்கில் போரில் மலை உச்சிகளில் குண்டு வீசியவை இவைதான். அதைப் பார்க்க டசால்ட் இல்லை. 1986 ஏப்ரல் 17 அன்று, 94 வயதில், பாரிஸை ஒட்டிய நூயியில் காலமானார். ரஃபேலின் முதல் மாதிரி அதே ஆண்டு ஜூலை 4 அன்று பறந்தது. அதன் வழியில் வந்த விமானங்கள் 2020 ஜூலை 29 அன்று அம்பாலாவில் இறங்கியதை நாம் டிவியில் லைவாகப் பார்த்தோம்.

நம்ம ஊருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

விழுப்புரத்தில் இருந்து தெற்கே போனால் உளுந்தூர்பேட்டை. முன்பு விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து, இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குப் போன ஊர். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷார் அங்கே ஒரு விமான ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்ததும் கைவிடப்பட்டது. கொஞ்சம் தள்ளி நெய்வேலியிலும் ஓடுதளம் உண்டு. 1980-களின் கடைசியில் அரசின் வாயுதூத் நிறுவனம் நெய்வேலிக்கும் புதுச்சேரிக்கும் 19 பேர் போகிற டோர்னியர்-228 விமானங்களை இயக்கியது. சில வருடங்களில் நின்றுபோனது. காரணம், மேலே சொன்ன அதே டிக்கெட் கணக்கு.

இந்தியாவும் தன் சொந்தக் குட்டி விமானத்துக்கு முயன்றது. பெங்களூரில் இருக்கும் தேசிய விண்வெளி ஆய்வகங்கள் உருவாக்கிய சரஸ், 14 பேர் போகக்கூடியது. இதுவும் பறவைப் பெயர்தான், சாரஸ் கொக்கு. முதல் முன்மாதிரி 2004 மே 29 அன்று பறந்தது. 2009 மார்ச் 6 அன்று இரண்டாவது முன்மாதிரி பெங்களூரு அருகே பிடதியில் விழுந்து நொறுங்கி, விமானப்படையைச் சேர்ந்த மூன்று பேர் உயிரிழந்தார்கள். திட்டம் முடங்கியது. பிறகு மேம்படுத்தப்பட்ட மாதிரி 2018 ஜனவரியில் பறந்தது. அடுத்த கட்டமாக 19 இருக்கை மாதிரிக்குத் திட்டமிட்டார்கள்.

சரஸ் ஃப்ளமான் ஆகுமா, இரோந்தெல் ஆகுமா? பொறியாளர்கள் மட்டும் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை இது. 1947-ல் டசால்ட்டிடம் இருந்தது உலகத்தின் சிறந்த விமானம் கிடையாது. கையில் கிடைத்த இன்ஜினை வைத்துச் செய்த ஒரு பத்து சீட் விமானம். ஆனால், அரசு அதை வாங்கியது, தொடர்ந்து வாங்கியது. அந்தக் காசிலும் அனுபவத்திலும் இருந்துதான் ஊரகான் வந்தது, மிராஜ் வந்தது, ரஃபேல் வந்தது. ரஃபேலுக்குப் பல்லாயிரம் கோடி கொடுக்கிற நாடு, தன் பத்தொன்பது சீட் விமானத்துக்கு முதல் வாடிக்கையாளராக நிற்குமா என்பதில்தான் சரஸின் எதிர்காலம் இருக்கு. உளுந்தூர்பேட்டை போன்ற ஓடுதளங்களில் என்றைக்காவது ஒரு பயணி இறங்குவாரா என்பதும் அதில்தான் இருக்கு.